வையாபுரியின் மூன்று கொட்டேஷன்கள்

"மேடம், இந்தத் துப்பாக்கிக் குழல் கோணலுங்க" என்றார் வையாபுரி.

மெர்லின் அதை வாங்கினாள். நின்றாள். பத்து குண்டு சுட்டாள். பத்தும் எதிரே இருந்த குறி அட்டையின் நடுவில் ஒரே ஓட்டையாக விழுந்தன.

"நேராத்தான் இருக்கு சார்."

கோணல் எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொண்டு அதற்கேற்றபடி சுடுகிறாள் என்று வையாபுரி நினைத்துக்கொண்டார்.

நினைக்கத்தான் செய்வார். கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லுக்கு இருபத்தாறு வருஷமாகச் சாமான் வாங்கிப் போடும் மேனேஜர். ஆணி வாங்கினாலும் மூன்று கடையில் விலை எழுதித் தரச் சொல்லி, மூன்று கொட்டேஷன் கேட்பார். யார் எதைப் புகழ்ந்தாலும், இதில் இவனுக்கு என்ன கமிஷன் என்றுதான் முதலில் தோன்றும். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைத்ததால் அந்தப் புத்தி மாறவே இல்லை.

ரத்த அழுத்தம் குறைய ஏதாவது விளையாடுங்கள் என்றார் டாக்டர். மனிதர் போய்ச் சேர்ந்த இடம் ரைபிள் கிளப். மெர்லின் அங்கே கோச். அவரைவிட இருபது வயது சின்னவள்.

கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து, சுடப்போகும் ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடுவார். யாராவது மாற்றி வைத்துவிட்டால் என்ன செய்வது?

எட்டு மாதமாகியும் குண்டுகள் அட்டையெங்கும் சிதறின. கிளப்பின் பழைய துப்பாக்கிதான் காரணம் என்று முடிவு கட்டினார். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும்.

பணம் கொடுத்தது மனைவி பூங்கோதை. பிறந்த வீட்டில் அவள் பங்குக்கு வந்த நிலத்தை விற்றதில் மூன்று லட்சம்.

"இத்தன வருஷமா மில்லுக்கே வாங்கிப் போட்டீங்க. இது உங்களுக்கு. மூணு கொட்டேஷன் கேக்காம வாங்குங்க" என்றாள்.

அவர் பணத்தோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தார். பிறகு மூன்று கொட்டேஷன் வாங்கினார்.

அவற்றை மெர்லினின் மேஜையில் விரித்தார். கடைப் பெயர்களை மட்டும் கையால் மறைத்துக்கொண்டார்.

"இதுல எதுங்க வாங்கலாம்?"

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களைப் பார்த்தாள்.

"முதல்ல ஷூ வாங்குங்க. தட்டையா, கெட்டியா, இதுக்குன்னே விக்கிறது. அப்புறம் சுடும்போது போடுற கோட்டு. குண்டு பத்து டப்பா."

"துப்பாக்கி?"

"கடைசியில."

"எங்கிட்ட மூணு லட்சம் இருக்குங்க."

"இருக்கட்டும் சார்."

ஷூக் கடைக்காரனோடு இவளுக்கு ஏதோ ஏற்பாடு இருக்கிறது. வையாபுரிக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே ஊரில் அந்த மாதிரி ஷூ விற்கும் ஒரே கடைக்குப் போய், "மெர்லின் மேடம் அனுப்பிச்சாங்க" என்று சொல்லி, கடைக்காரன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"அது யாருங்க?" என்றான் அவன்.

எவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறாள் என்று அசந்துபோய், ஒன்றும் வாங்காமல் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்து நின்றார்.

"மேடம், இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அட்வான்ஸ் கட்டோணும். அப்புறம் விலை ஏறிருமாமா. என் சம்சாரம் நிலம் வித்த காசுங்க. தப்பா வாங்கிட்டா மறுபடியும் வராது. மறைக்காமச் சொல்லுங்க."

"எது ரொம்ப விலை?"

கொட்டேஷன்களில் ஒன்றை எடுத்து நீட்டினார். நீல மையில் கையால் எழுதியது. கூட்டுத்தொகை இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம்.

மெர்லின் அதை மடித்தாள். தொகை வெளியே தெரிந்தது. பழைய கிளப் துப்பாக்கியில், சுடும்போது கன்னம் பதிக்கிற கட்டையின் மேல் அதை வைத்தாள்.

"கன்னத்தை வச்சுச் சுடுங்க. காகிதம் கீழ விழக் கூடாது."

சுட்டார். விழுந்தது.

எடுத்து வைத்தாள். சுட்டார். விழுந்தது.

"நான் அசையவே இல்லைங்களே."

அவள் மறுபடியும் எடுத்து வைத்தாள். இந்த முறை அவருக்கே தெரிந்தது. விசையை அழுத்திய கையோடு தலை மேலே போகிறது. குண்டு எங்கே பட்டது என்று பக்கத்துச் சின்னத் தொலைநோக்கிக்குக் கண் ஓடுகிறது. குண்டு குழலை விட்டுக் கிளம்பும் முன்பே அவர் கிளம்பிவிடுகிறார்.

"வேற காகிதம் வைக்கலாமேங்க. இது கொட்டேஷன். கசங்கிரும்."

"வேற காகிதம் விழுந்தா உங்களுக்குக் கவலை இருக்காது சார்."

பன்னிரண்டு தடவை விழுந்தது. பன்னிரண்டு தடவையும் அவள் குனிந்து எடுத்தாள். இதில் இவளுக்கு என்ன லாபம் என்று வையாபுரி யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

பிறகு புது அட்டையில் கையெழுத்துப் போட்டு மாட்டினார். கன்னத்தை இறுக்கி வைத்தார். வியர்வை வழிந்தது. பத்து குண்டு. ஒரு தடவைகூடக் காகிதம் விழவில்லை.

மெர்லின் கயிற்றை இழுத்தாள். அட்டை வந்தது.

பத்து ஓட்டைகளும் ஓர் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியிருந்தன.

வையாபுரி அட்டையைத் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னோடதுதானுங்களா?"

"மூலையில யார் கையெழுத்து சார்?"

அவருடையதுதான். வளைவும் புள்ளியும் அப்படியே இருந்தன.

போன் அடித்தது. அட்வான்ஸ் கேட்கும் துப்பாக்கிக் கடைக்காரன். வையாபுரி எடுக்கவில்லை. குளியலறையில் தாழிட்டுக்கொண்டு நோட்டு எண்ணியது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு ஒரு பெட்டியோடு போனார்.

"துப்பாக்கியா?" என்றாள் பூங்கோதை.

"ஷூ. துப்பாக்கிக்கு அவசரமில்ல. மீதிப் பணம் பையில இருக்குது."

"எத்தன கடை ஏறி எறங்குனீங்க?"

"ஒரே கடை."

அவள் புறங்கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை.

"ஏனுங்க, அன்னைக்குப் பாத்ரூம்ல எண்ணுனீங்களே, மூணு தடவையா, நாலு தடவையா?"

வையாபுரி பெட்டியைக் கீழே வைத்தார்.

"மூணு" என்றார்.

"அதென்ன கன்னத்துல?"

நீல மையில், இடம் வலம் மாறி, இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் அவர் கன்னத்தில் பதிந்திருந்தது. பூங்கோதை முந்தானையை நனைத்து, மோவாயைப் பிடித்துக்கொண்டு, அழுத்தித் துடைத்தாள்.

அவள் துடைத்து முடிக்கும் வரை வையாபுரி தலையைத் தூக்கவே இல்லை.