முள்ளம்பன்றி காப்பாற்றிய ரகசியம்

தாமரைக் குட்டையில் தண்ணீர் குறையத் தொடங்கியது. உடனே காட்டில் பேச்சு கூடத் தொடங்கியது. கோடை வந்துவிட்டால் விளாங்காய் ஆட்டமும் வந்துவிடுமே!

குட்டைக்கு இரண்டு கரை. ஒரு கரையில் நாவல் மர நிழலும் தெளிந்த தண்ணீரும் உண்டு. மறு கரையில் சேறு உண்டு, சேற்றுக்குள் ஒரு முதலையும் உண்டு. கோடை முழுக்க நல்ல கரை யாருக்கு என்பதை மேட்டுக்காட்டு விலங்குகளும் பள்ளக்காட்டு விலங்குகளும் ஆடித்தான் முடிவு செய்யும்.

ஆட்டம் இதுதான். ஒரு விளாங்காயைக் கவ்விக்கொண்டு எதிரணியின் மரம்வரை ஓட வேண்டும். எதிரணி வழியில் மறித்துக் கீழே தள்ளும். நான்கு முறை விழுந்தால் காய் எதிரணிக்குப் போய்விடும். எந்த அணி முதலில் மரத்தைத் தொடுகிறதோ அதற்கு நிழல் கரை. தோற்ற அணிக்கு முதலைக் கரை.

போன கோடையில் மேட்டுக்காட்டு அணி தோற்றது. அதற்கு முந்தைய கோடையிலும் தோற்றது.

இந்த முறை ஜெயிக்க வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாகத் துடித்தது சிலும்பன் என்ற முள்ளம்பன்றி. அது ஆடுவதில்லை, வெறும் ரசிகன். ஆனால் அதன் மனைவி செவ்வந்திதான் மேட்டுக்காட்டு அணியின் தலைவி. போன கோடையில் சேற்றுக் கரையில் தண்ணீர் குடிக்கப் போன அவர்களுடைய கடைக்குட்டியின் வாலை முதலை கவ்விவிட்டது. நல்லவேளை, வாயில் முள் குத்தியதால் விட்டுவிட்டது. வால் முள் எல்லாம் போயிற்று, உயிர் மிஞ்சியது. அதன் பிறகு அந்தக் குட்டி தண்ணீரைக் கண்டாலே நடுங்கியது. இன்னொரு கோடை அதே கரை என்றால் அது தாகத்திலேயே செத்துவிடும் என்று சிலும்பனுக்குப் பயம்.

சிலும்பனுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது எதிர்த்துப் பேசினால் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். முள் சிலிர்த்துவிட்டால் வாய் நிற்காது.

ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் செவ்வந்தி கிழங்கைக் கடித்துக்கொண்டே கேட்டது.

"ஏங்க, ஒண்ணு சொன்னா வெளிய சொல்லாம இருப்பீங்களா?"

"நானா! என் வாயிலேருந்து காத்துகூட வராது! சொல்லு!"

செவ்வந்தி அக்கம்பக்கம் பார்த்தது. "நாளைக்கு நம்ம பாறையன் காயைக் கவ்விக்கிட்டு ஓடுற மாதிரி ஓடுவான். ஆனா காய் அவன்கிட்ட இருக்காது. புழுதி கிளம்புன உடனே அது ஆமையோட ஓட்டுக்கடியில போயிடும். எல்லாரும் பாறையனைத் துரத்துவாங்க. ஆமை பாட்டுக்கு ஓரமா நடந்து போய் மரத்தைத் தொட்டுடும். ஆமையை யாரு பார்ப்பா?"

"அடேயப்பா!" என்று சிலும்பன் வாயைப் பிளந்தது. பாறையன் என்பது அணியின் காட்டுப்பன்றி. ஓட்டம் என்றால் அதுதான். ஆமையை எதற்கு அணியில் வைத்திருக்கிறார்கள் என்று சிலும்பனே பலமுறை யோசித்திருக்கிறது.

"நம்ம புள்ளை நிழல் கரையில தண்ணி குடிக்கணும். ஞாபகம் இருக்கட்டும்" என்றது செவ்வந்தி.

மறுநாள் விடிந்ததுமே திடலில் ரசிகர்கள் கூடிவிட்டார்கள். வெயில் ஏறிய பிறகுதான் ஆட்டம். ஆனால் பேச்சுக்கு வெயில் எதற்கு? புங்க மரத்தடியில் அது அப்போதே தொடங்கிவிட்டது.

முதலில் வாய் திறந்தது உடும்பு. "காத்து மேற்கேருந்து அடிக்குது. மேற்கேருந்து அடிச்சா கனமானவன்தான் ஜெயிப்பான்."

"ஏன் அப்படி?" என்று கேட்டது மைனா.

"லேசானவன் பறந்துடுவானே!"

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த உடும்பு இதுவரை ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. வெயில் ஏறியதும் தூங்கிவிடும். ஆனாலும் ஆட்டத்தைப் பற்றி அதனிடம் கேட்காமல் யாரும் ஒரு முடிவுக்கு வர மாட்டார்கள். அது அவ்வளவு நிதானமாகப் பேசும்.

"காத்தை விடுங்க" என்று நடுவில் வந்து உட்கார்ந்தது மின்னான் என்ற கீரி. அது பள்ளக்காட்டு ரசிகன். காட்டில் அதனிடம் பேசி ஜெயித்தவர் கிடையாது. "ஆளுக்கு ஆள் வெச்சுப் பார்ப்போம். உங்ககிட்ட யாரு இருக்கா? பாறையன். அவனுக்கு என்ன தெரியும்? நேரா ஓடத் தெரியும்."

"மரம் நேராத்தானே இருக்கு! வேற என்ன தெரியணும்?" என்றது சிலும்பன்.

"அந்த நேருக்கு நேர் எங்க எருமை நிக்குமே! போன கோடை உங்க பாறையன் எருமை மேல முட்டி உக்காந்தான். எந்திரிச்சதும் திசை தெரியாம உங்க மரத்துக்கே திரும்பி ஓடினான்! மறந்துட்டீங்களா?"

பள்ளக்காட்டு ரசிகர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். சிலும்பனின் முதுகில் ஒரு வரிசை முள் எழுந்தது.

"இந்தத் தடவை பாறையன் கிழங்கா தின்னு உடம்பை ஏத்தியிருக்கான், தெரியுமில்ல?"

"எங்க எருமை பொறந்ததுலேருந்து அதே வேலையாத்தான் இருக்கு!"

"எங்க முயல் இருக்கு! அதை யாரு பிடிப்பா?"

"முயலா? அண்ணே, அது காயைக் கவ்வுமா, காய் அதைக் கவ்வுமா?"

இரண்டாவது வரிசை முள்ளும் எழுந்தது.

"முயலுக்குப் பின்னங்கால் சுளுக்குன்னு வேற கேள்விப்பட்டேன்" என்றது மைனா. மைனா மேட்டுக்காட்டு ரசிகைதான். ஆனால் ஒரு செய்தி கிடைத்தால் அதை வைத்துக்கொண்டிருக்க அதனால் முடியாது.

"யாரு சொன்னா?"

"முயலோட பெரியம்மா வளைக்குப் பக்கத்து வளை எலி."

"அப்போ உண்மையாத்தான் இருக்கும்" என்று முடித்துவைத்தது உடும்பு.

மின்னான் பார்த்தது. சிலும்பன் சூடேறிவிட்டது. இன்னும் கொஞ்சம் விறகு போட்டால் நன்றாக எரியும்!

"அதெல்லாம் போகட்டும் அண்ணே. ஒரு சந்தேகம். அணியில ஆமையை எதுக்குச் சேர்த்தீங்க? ஆடி முடிச்சுட்டுக் களைப்பா இருந்தா மேல உக்கார்றதுக்கா?"

இந்த முறை மேட்டுக்காட்டு ரசிகர்களும் சிரித்துவிட்டார்கள். மைனா சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து நழுவியது.

சிலும்பன் பல்லைக் கடித்தது. பக்கத்தில் கிடந்த வேரைக் கவ்விக்கொண்டது. 'சொல்லக் கூடாது. சொல்லவே கூடாது.'

"பாவம், அவரைக் கேட்டு என்ன பண்றது?" என்றது மின்னான், மற்றவர்களைப் பார்த்து. "திட்டம் போடுறது அவங்க வீட்டம்மா. அந்த அம்மாவுக்குத் திட்டம் போடத் தெரியலை. அவ்வளவுதான் விஷயம்!"

அவ்வளவுதான். வேர் வாயிலிருந்து விழுந்தது. முள் அத்தனையும் எழுந்து நின்றது.

"யாருக்குத் திட்டம் போடத் தெரியலை? என் பொண்டாட்டிக்கா? டேய் கீரி! காய் பாறையன்கிட்ட இருந்தாத்தானேடா உங்க எருமை பிடிக்கும்! அது ஆமை ஓட்டுக்கடியில போயிட்டிருக்கும்! நீங்கள்லாம் பன்றி பின்னாடி ஓடுங்க! எங்க ஆமை நடந்து போய் உங்க மரத்தைத் தொடும்! இப்போ சிரி பார்ப்போம்!"

யாரும் சிரிக்கவில்லை. சிலும்பன் மார்பை நிமிர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மின்னானிடம் பேசி ஜெயித்துவிட்டது!

"நல்ல திட்டம் அண்ணே. ரொம்ப நல்ல திட்டம்" என்றது மின்னான் மரியாதையாக. "வயித்தை என்னமோ பண்ணுது. இதோ வந்துடுறேன்." அது எருமை நிற்கும் பக்கமாக ஒரே ஓட்டமாக ஓடியது.

சிலும்பனின் முள் ஒவ்வொன்றாகப் படுத்தது.

"சும்மா சொன்னேன்டா! விளையாட்டுக்குச் சொன்னேன்!" என்று கத்தியது. கேட்க மின்னான் அங்கே இல்லை. மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வாலில் முள்ளில்லாத குட்டி திடல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கச் சிலும்பனுக்குத் தைரியம் வரவில்லை.

எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அணியிடம் ஓடியது. அங்கே ஆட்டக்காரர்கள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் செவ்வந்தி இருந்ததால் முள்ளுக்குப் பயந்து எல்லோரும் தள்ளியே நின்றார்கள். அதனால் குசுகுசுப்பு கொஞ்சம் சத்தமாகவே இருந்தது. சிலும்பனைக் கண்டதும் அதுவும் நின்றது.

"செவ்வந்தி... நான் வந்து... காலையில..."

"வாழ்த்துச் சொல்ல வந்தீங்களா? சந்தோஷம். போய் உக்காருங்க, ஆட்டம் தொடங்கப் போகுது."

"அதில்லை..."

"போங்கன்னு சொன்னேன்ல!"

சிலும்பன் திரும்பி நடந்தது. சொல்லவிடாமல் அனுப்பினாளே என்று வருத்தப்பட்டது. நல்லவேளை சொல்லவிடவில்லை என்று மனதின் ஒரு மூலையில் சந்தோஷமும் பட்டது. அதை நினைத்து அதற்கே வெட்கமாக இருந்தது.

வெயில் ஏறியது. மயில் ஓர் இறகை மேலே வீசியது. இறகின் கண் மேலே தெரிய விழுந்தால் மேட்டுக்காட்டுக்கு முதல் ஓட்டம். கண் தெரிய விழுந்தது. உடும்பு தூங்கிவிட்டது.

இரு அணியும் எதிரெதிரே நின்றன. பள்ளக்காட்டு எருமை வழக்கமான இடத்தில், நட்டநடுவில் நின்றது. ஆனால் அதன் கண் பாறையன் மேல் இல்லை. ஓரத்தில் நின்ற ஆமை மேல் இருந்தது. கரடியின் கண்ணும் ஆமை மேல். செந்நாயின் கண்ணும் ஆமை மேல். சிலும்பன் தன் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"ஓடு!" என்றது செவ்வந்தி.

புழுதி கிளம்பியது. "ஆமையைப் பிடிங்க!" என்று எருமை கத்தியது. பள்ளக்காட்டு அணி முழுவதும் ஆமை மேல் பாய்ந்தது. கரடி அதைப் புரட்டிப் போட்டது. செந்நாய் ஓட்டுக்குள் மூக்கை விட்டுத் தேடியது. எருமை குனிந்து பார்த்தது.

உள்ளே ஆமைதான் இருந்தது.

"என்ன அண்ணே தேடுறீங்க?" என்று கேட்டது ஆமை, மல்லாந்தபடியே. "சொன்னா நானும் தேடுவேனே!"

அந்தப் பக்கம் பாறையன் காயைக் கவ்விக்கொண்டு நேராக ஓடிக்கொண்டிருந்தது. நடுத் திடலுக்கு வந்ததும் திகைத்து நின்றுவிட்டது. முட்டுவதற்கு எருமையைக் காணோம்! இடப் பக்கம் பார்த்தது. வலப் பக்கம் பார்த்தது.

"எருமையைத் தேடாதடா! மரத்தைப் பாரு! ஓடு!" என்று செவ்வந்தி அலறியது.

பாறையன் ஓடியது. ஓடிய வேகத்தில் நிற்கத் தெரியாமல் பள்ளக்காட்டு அணியின் மருத மரத்தில் போய் மோதியது. விளாங்காய் உடைந்து நாலாபக்கமும் சிதறியது. மேட்டுக்காடு ஜெயித்துவிட்டது!

சத்தத்தில் உடும்பு விழித்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே, கனமானவன் ஜெயிப்பான்னு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கியது.

கண்ணைத் திறந்த சிலும்பனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் துள்ளிக் குதித்தது. "பாத்தியாடா கீரி! உன்னை எப்படி ஏமாத்தினேன் பாரு! நானும் என் பொண்டாட்டியும் சேர்ந்து போட்ட திட்டம்!"

மின்னானுக்கு அன்று முழுவதும் பேச்சே வரவில்லை. ரசிகர்கள் சிலும்பனைத் தோளில் தூக்க ஆசைப்பட்டார்கள். முள்ளை நினைத்து அந்த ஆசையை விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் முள்ளம்பன்றிக் குடும்பம் நாவல் மர நிழலில் தண்ணீர் குடித்தது. குட்டி வெகுநேரம் தயங்கி நின்றது. பிறகு ஒரு காலை நனைத்தது. பிறகு மூக்கை நனைத்தது. பிறகு குடித்துக்கொண்டே இருந்தது. சிலும்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏன் செவ்வந்தி, கடைசியில காயை ஆமைகிட்ட குடுக்கலையா?"

"குடுக்கறதா இருந்தா உங்ககிட்ட சொல்லியிருப்பேனா?"

சிலும்பன் தண்ணீரிலிருந்து மூக்கை எடுத்தது. "அப்போ நீ என்னை நம்பலையா?"

"நம்பினேனே! நீங்க போய்ச் சொல்லிடுவீங்கன்னு முழுசா நம்பினேன். பாறையன் நேரா ஓடுவான்னுகூட அவ்வளவு நம்பலை."

சிலும்பன் சிரிக்கப் பார்த்தது. செவ்வந்தி சிரிக்கவில்லை.

"போன கோடை நம்ம திட்டத்தை யாருகிட்ட சொன்னீங்கன்னு நான் கேக்கலை. புள்ளை வாலைப் பார்க்கிறப்பல்லாம் கேக்கணும்னு தோணும். கேட்டா மட்டும் முள்ளு முளைச்சிடுமா?"

சிலும்பன் தலையைக் குனிந்துகொண்டது.

சில நாள் கழித்து அது மெதுவாகக் கேட்டது. "நாளைக்குக் கிழங்கு தோண்ட எந்தப் பக்கம் போறோம்?"

"வடக்குப் பக்கம். பாறைக்குப் பின்னாடி நிறைய இருக்கு" என்றது செவ்வந்தி.

மறுநாள் காலை சிலும்பன் வடக்கே போனது. அங்கே மின்னான் இருந்தது, மைனா இருந்தது, உடும்பு இருந்தது, பாதிக் காடு இருந்தது. எல்லோரும் மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண் கல்லாக இருந்தது. கிழங்கு ஒன்றுகூட இல்லை. செவ்வந்தியும் குட்டிகளும் தெற்குப் பக்கம் வயிறாரத் தின்றுகொண்டிருந்தன.

ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்காக ரகசியத்தைக் கொட்டிவிடுபவனுக்கு, சொந்த வீட்டில்கூட யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.