மூன்றாவது முண்டுக்கு மேலே

ஆற்றங்கரையில் ஒரு மருதமரம் நின்றது. அதன் வேர்களுக்குப் பின்னால், கரையைக் குடைந்த வளையில், கருத்தான் என்ற நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. அடுத்த வளையில் ஒரு பெருச்சாளி இருந்தது.

கருத்தானின் துணை செம்பி. குட்டிகள் மீன் கடிக்கத் தொடங்கிய வாரத்தில் இரை தேடிப் போன செம்பி, யாரோ விட்டுப்போன கிழிந்த வலையில் சிக்கிக்கொண்டது. திரும்பி வரவில்லை.

அந்த வளை செம்பி தோண்டியது. உள்ளே ஓர் ஓரத்தில், அது வயிற்றை அழுத்திப் படுத்துப் படுத்துக் குழியான இடம் ஒன்று இருந்தது. வாசலில் அது உடைத்துத் தின்ற மட்டி ஓடுகள் குவிந்து கிடந்தன. அந்த ஆண்டு மழை பெய்யாததால் மண் காய்ந்திருந்தது. காய்ந்த மண்ணில் வாசம் நெடுநாள் தங்கும். கருத்தான் தினமும் இரை தேடி வந்து, குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் குழியில் மூக்கை வைத்துப் படுத்துக்கொள்ளும். செம்பி ஈரத்தோடு வந்து பக்கத்தில் படுத்ததுபோல் இருக்கும்.

மருதமரத்தின் அடிமரத்தில் மூன்று முண்டுகள், புடைத்த கணுக்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அந்தக் கரையில் வளை தோண்டும் உயிர்களுக்கெல்லாம் அவைதான் அளவு. ஆடிப் புதுவெள்ளம் முதல் முண்டைத் தொடும். ஐப்பசி அடைமழை இரண்டாவதைத் தொடும். மூன்றாவது முண்டில், பட்டையில் சேறு ஊறிய கோடு ஒன்று மங்கலாகத் தெரிந்தது. எந்தக் காலத்து வெள்ளமோ, பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. புதிதாகக் குடிவருகிறவர்கள் அந்த முண்டை மூக்கால் தொட்டுவிட்டு, அதற்கு ஒரு சாண் மேலே மண்ணைக் கீறுவார்கள். அப்புறம் பயமில்லாமல் தூங்குவார்கள்.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். குட்டிகள் அதில் ஓடி விளையாடின. ஆனால் நீந்தப் பழகவில்லை. நீந்த ஆழம் எங்கே இருந்தது?

ஒருநாள் காலை, கழிமுகப் பக்கமிருந்து ஆலா என்ற கடற்பறவை ஒன்று பறந்து வந்து மருதக்கிளையில் அமர்ந்தது. அதற்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பனைமேட்டுக்குப் போய்விடு. பெருமழை வருகிறது" என்றது.

பெருச்சாளி வளையிலிருந்து தலையை நீட்டிச் சிரித்தது. குடிக்கவே தண்ணீரைக் காணோம், இவளுக்கு வெள்ளம் வருகிறதாம் என்று கேலி செய்தது.

ஆலா கோபப்படவில்லை. கடலின் மேல்தண்ணீர் முன்பெல்லாம் இப்படிச் சூடாக இருந்ததில்லை என்று சொன்னது. சூடான கடலின்மேல் காற்றும் சூடாகிறது. காற்று எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு அதிகமாக ஈரத்தைச் சுமக்கிறது. ஒரு மாதம் தூறித் தூறிப் பெய்ய வேண்டியதை இப்போது ஒரே பகலில் ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறது. மனிதர்கள் விடுகிற புகை பூமியைக் கம்பளிபோலப் போர்த்திக்கொண்டிருப்பதால்தான் இந்தச் சூடு என்றும் சொன்னது.

"நேற்று கரையில் ஒருத்தன் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தான்" என்றது பெருச்சாளி. "அதற்கு எத்தனை முழம் வெள்ளம் வரும், கடற்காரி?"

குட்டிகள் சிரித்தன. கருத்தான் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, இந்த வளை மூன்றாவது முண்டுக்கு மேலே இருக்கிறது" என்றது. "என் செம்பி பார்த்துப் பார்த்து வைத்த வாசல். இதை விட்டுப் போனால் அவள் வாசம் எனக்கு எங்கே கிடைக்கும்?"

ஆலா மெதுவாகச் சொன்னது.

"நானும் என் தாய் முட்டையிட்ட மணல்திட்டில்தான் முட்டையிட்டேன். அங்கே தண்ணீர் ஏறியதே இல்லை என்றார்கள். மூன்று முட்டைகள் அண்ணே. இப்போது அந்தத் திட்டும் இல்லை."

அது பறந்து போயிற்று.

மறுநாள் விடியும்போதே வானம் கறுத்திருந்தது. முதலில் நாலு பெரிய துளிகள் விழுந்தன. பிறகு துளி என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. காய்ந்து இறுகிய நிலம் தண்ணீரைக் குடிக்கவில்லை. விழுந்ததெல்லாம் விழுந்தபடியே ஆற்றுக்கு ஓடியது. முதல் முண்டு மறைந்தது. வெயில் ஏற வேண்டிய நேரத்தில் இரண்டாவது முண்டும் மறைந்தது.

பெருச்சாளி தன் வாசலில் மண்ணைத் தள்ளி அடைத்துக்கொண்டது. மூன்றாவது முண்டு இருக்கும்போது என்ன கவலை மாப்பிள்ளை, உள்ளே போய்ப் படு என்று குரல் கொடுத்தது.

கருத்தானும் படுத்துத்தான் இருந்தது. செம்பியின் குழியில் மூக்கை வைத்திருந்தது. குட்டிகள் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு நடுங்கின.

நனைந்துபோன ஆலா திரும்ப வந்து வாசலில் இறங்கியது.

"அண்ணே, கடைசியாக ஒன்று கேட்கிறேன். செம்பி இந்த வாசலை வைப்பதற்கு முன்னால் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

கருத்தான் தலையைத் தூக்கியது.

முன்னால் அவர்கள் இருந்தது கீழே. இரண்டாவது முண்டுக்குச் சற்று மேலே இருந்த வளை. கருத்தானின் தகப்பன் கொடுத்த வளை. நல்ல வளை. குட்டிகள் வயிற்றில் இருந்தபோது, ஒரு மாலையில், செம்பி காரணம் சொல்லாமல் எழுந்து போய் மேலே தோண்டத் தொடங்கியது. மூன்றாவது முண்டையும் தாண்டித் தோண்டியது. முண்டைத்தான் தாண்டியாயிற்றே, ஒரு சாண் போதாதா என்று கருத்தான் முணுமுணுத்தது. செம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்ணைப் பின்னால் தள்ளிக்கொண்டே சொன்னது:

"மழை முண்டைப் பார்த்துக்கொண்டா வரும்?"

இத்தனை நாள் அந்த வாசத்தை முகர்ந்துகொண்டிருந்த கருத்தானுக்கு அந்தச் சொல் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அது ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தது. பனைமேடு இருநூறு அடி தூரம். வழியெல்லாம் சேறு. முதல் குட்டியைப் பனையடியில் விட்டது. ஆலா அதன்மேல் இறக்கையை விரித்துப் பிடித்து நின்றது. இரண்டாவது குட்டியைக் கொண்டுவந்து விட்டுத் திரும்பியபோது மருதமரத்தில் முண்டு எதுவும் தெரியவில்லை. வளையின் வாசலும் தெரியவில்லை. மட்டி ஓடுகள் சுழன்று போய்க்கொண்டிருந்தன.

கருத்தான் மூழ்கியது. வாசல் வழியாக உள்ளே போனது. கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. அங்கே தொங்கிய ஒரு வேரைப் பல்லால் பற்றிக்கொண்டு கடைக்குட்டி மிதந்தது. அழக்கூட வாயைத் திறக்கவில்லை.

"விடுடா" என்றது கருத்தான். "அப்பன் பிடித்துக்கொண்டேன்."

குட்டி வேரை விட்டது.

வாய் நிறையக் குட்டி. மூக்கு நிறையத் தண்ணீர். புறப்படும்போது செம்பியின் குழியைக் கடைசியாக ஒருமுறை முகர்ந்துகொள்ள முடியவில்லை.

மேட்டில் ஏறியபோது பின்னால் கரை சரியும் சத்தம் கேட்டது. மருதமரம் மெல்லச் சாய்ந்து, முண்டுகளோடு ஆற்றில் படுத்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வாழைத்தண்டு மிதந்து வந்தது. அதன்மேல் பெருச்சாளி நான்கு காலாலும் கட்டிப்பிடித்துக் கிடந்தது.

"மாப்பிள்ளை! கடற்காரி சொன்னது சுருட்டுப் புகை இல்லை!"

கருத்தான் மறுபடியும் குதித்து வாழைத்தண்டைக் கரைக்குத் தள்ளியது.

மூன்றாம் நாள் ஆறு வடிந்தது. வளை இருந்த இடத்தில் வளைவாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. கருத்தான் அங்கே இறங்கிப் போய் நெடுநேரம் மண்ணை முகர்ந்தது. எங்கோ தொலைவிலிருந்து வந்த சேற்று வாசம்தான் இருந்தது. குட்டிகள் பசியில் கூப்பிட்ட பிறகுதான் மேலே ஏறியது.

மேட்டின் கீழ்ச்சரிவில் நின்ற பனையில் புது வெள்ளத்தின் கோடு படிந்திருந்தது. கருத்தான் அதை மூக்கால் தொட்டது. தொட்டுவிட்டு மேலே நடந்தது. இன்னும் மேலே போய், மேட்டின் உச்சியில் தோண்டத் தொடங்கியது.

அவ்வளவு உயரம் எதற்கு, ஆற்றுக்குப் போய்வருவதற்குள் கால் ஓய்ந்துவிடுமே என்று பெருச்சாளி முணுமுணுத்தது. கருத்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

"மழை கோட்டைப் பார்த்துக்கொண்டா வரும்?" என்றது.

புதிய வளையில் பச்சை மண் வாசம் அடித்தது. ஓர் ஓரத்தில் கருத்தான் வயிற்றை அழுத்திப் படுத்துப் பார்த்தது. குழி விழவில்லை. அதற்கு நாளாகும். கடைக்குட்டி வந்து இரண்டு முறை சுற்றிவிட்டு, செம்பி படுப்பதுபோலவே இடத்தோளைச் சாய்த்து, அதன் பக்கத்தில் ஈரத்தோடு படுத்தது. கருத்தான் அந்த ஈர முதுகில் மூக்கை வைத்துக்கொண்டது.

மழை மாறிவிட்ட காலத்தில் பழைய வெள்ளத்தின் அளவையே நம்பியிருப்பவன், தன் உயிருக்கும் மேலாக நேசிப்பதை வெள்ளத்துக்குக் கொடுக்க நேரும்.