பாவாயி ஏறாத கார்

“காரு வாங்குனது தப்புங்களா, தாயி?” என்று கேட்டார் அவிநாசியப்பன்.

வாங்கலாமா என்று கேட்க வந்தவர்கள் உண்டு. வாங்கி, நம்பர் பிளேட் மாட்டி, அதிலேயே ஏறி வந்து கேட்ட ஆள் இவர் ஒருத்தர்தான்.

வேலாத்தா கத்தரிப் பாத்திக்குள் நின்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது வயது. மலையடிவாரத்தில், நல்லது கெட்டது கேட்க ஊரார் வரும் அவளுடைய சின்ன மடம், அதைச் சுற்றிக் கொஞ்சம் காய்கறி. அவளைவிட இருபது வயது மூத்தவர்களெல்லாம் அவளைத் ‘தாயி’ என்றார்கள். அவள் அவர்களை ‘அண்ணா’ என்றாள்.

அவிநாசியப்பனுக்கு அறுபத்திரண்டு. சொந்தமாகச் சாயப்பட்டறை, நானூறு பேருக்குச் சம்பளம் கொடுப்பவர். பத்து வருடமாக எதைச் செய்வதானாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்வார். இந்தக் காரைத் தவிர.

“என்ன கலருங்ணா?” என்று கேட்டாள் வேலாத்தா.

“கருநீலம்ங்க.”

“நல்லா இருக்குமே.”

அவர் காத்திருந்தார்.

“அவ்வளவுதானுங்களா?”

“வேற என்னங்ணா? உள்ள ஏசி இருக்குதா?”

“இருக்குதுங்க. சீட்டே முதுகப் புடிச்சு உடுதுங்க.”

“அட!” என்றாள் வேலாத்தா. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

இதென்னடா கெரகம் என்று இருந்தது அவருக்கு. திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவர். வழியெல்லாம் அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தார்.

“ரெண்டேகால் கோடிங்க தாயி” என்று நிறுத்திச் சொன்னார்.

“ம்.”

“ஊருக்குள்ள ஒரு மாதிரி பேசறாங்க. அந்தக் காசுல ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம்ங்கறாங்க.”

“கட்டியிருக்கலாம்.”

“பையன் வேற மாதிரி சொல்றான். வரி கட்டுன காசு, எவன் கேக்கறது, வெளிநாட்டுக்காரன் வந்தா ஆட்டோவுலயா ஏத்திட்டுப் போறதுங்கறான்.”

“அதுவும் நாயந்தானுங்களே.”

“ரெண்டும் எப்படிங்க நாயமாகும்?”

“அப்ப ரெண்டும் நாயமில்லைங்ணா.”

அவிநாசியப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெயில்கூட இன்னும் ஏறவில்லை.

வேலாத்தா மண்வெட்டியால் ஒரு வாய்க்காலை அடைத்து, அடுத்ததைத் திறந்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

“நெசமா எதுக்கு வந்தீங்க?”

அவர் தரையைப் பார்த்தார்.

“பாவாயி ஏறமாட்டேங்கறா” என்றார்.

பாவாயி அவர் மனைவி.

ஐந்து வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம். பாவாயி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கார்க் கதவு வரைக்கும் வந்தாள். வந்தவள், “நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அவர் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது பங்களாவில் அவள் இல்லை. நாலு சேலையை எடுத்துக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பழைய ஒற்றை அறைக்குப் போயிருந்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

“சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லைங்க. பேச்சே இல்லை. முப்பத்தாறு வருசத்துல நாங்க தனித்தனியாச் சாப்புட்டதே இல்லைங்க தாயி. சோறு எறங்கமாட்டேங்குது.”

“எதுக்குக் கோவம்?”

“காசக் கரியாக்கிப்போட்டேன்னுதான் இருக்கும். வேற என்ன? நீங்க தப்புன்னு சொல்லுங்க, நாளைக்கே வித்துப்போடறேன். தப்பில்லைன்னா நீங்களே வந்து அவகிட்டச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க.”

“வித்துருங்க.”

அவருக்குப் பெரிய பாரம் இறங்கியது. “சரிங்க தாயி. இன்னைக்கே ஆளப் பாக்கறேன்.”

“வித்துப்போட்டு, இதவிடப் பெருசா ஒண்ணு வாங்குங்க.”

இறங்கிய பாரம் திரும்ப ஏறிக்கொண்டது.

“அதுல ஏறுவாளுங்களா?”

“மாட்டாங்க.”

“அப்ப... சின்னதா ஒண்ணு?”

“அதுலயும் மாட்டாங்க.”

“டவுன் பஸ்ஸுல ஏறறாளே தாயி!” அவிநாசியப்பன் கத்தியே விட்டார். “கம்பியப் புடிச்சுத் தொங்கிட்டுப் போறா! ஊரே பாக்குது!”

“பஸ்ஸுல ஏறுவாங்க” என்றாள் வேலாத்தா.

நானாக இருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். அவர் கிளம்பவில்லை. மனுசனுக்கு அவ்வளவு வேதனை. தலையும் புரியாமல் வாலும் புரியாமல் வரப்பிலேயே நின்றார்.

வேலாத்தா மண்வெட்டியைச் சாத்தி வைத்தாள்.

“எங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம் வாங்க.”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்...”

“முதுகு புடிச்சு உடும்ன்னீங்களே.”

பாத்திக்குள் நின்ற கோலத்திலேயே கிளம்பி வந்துவிட்டாள். கணுக்கால் வரைக்கும் சேறு. நடந்த இடமெல்லாம் தடம். அவர் முன்னால் ஓடிப் போய்க் கதவைத் திறந்தார். அவள் ஒரு காலைத் தூக்கினாள்.

“சித்த இருங்க தாயி!”

பின் சீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். முழங்கால் வலியோடு மண்ணில் மண்டியிட்டார். அவள் பாதத்தைக் கையில் ஏந்தி, தண்ணீர் ஊற்றி, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார்.

மடத்து வாசலில் நின்ற இரண்டு பெண்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என்ன பக்தி, என்ன பக்தி!

“எதுக்குங்ணா கழுவறீங்க?” என்று கேட்டாள் வேலாத்தா.

“என்னங்க தாயி, இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க பாதம்ங்க!”

“பத்து வருசமா இதே பாதந்தானுங்களே. இன்னைக்குத்தான் கழுவறீங்க.”

அவர் கை நின்றது.

“உள்ள கார்ப்பெட்டு வெள்ளைங்க” என்றார் மெதுவாக. “சேறு பட்டாப் போகாதுன்னு சொல்லியுட்டாங்க.”

“அது சரி” என்றாள் அவள். கோபமெல்லாம் இல்லை. “அன்னைக்குப் பாவாயக்கா ஏற வந்தப்ப என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலைங்க.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமேங்க. காலத் தொடச்சுட்டு ஏறுன்னேன். எல்லாருகிட்டயும் சொல்றதுதானுங்க. பையங்கிட்டயும் சொன்னேன்.”

“தொடச்சாங்களா?”

“தொடச்சா. கால்மிதில மூணு தடவ தேச்சா. இன்னும் கறுப்பாத் தெரியுது, நல்லாத் தேயின்னேன்.”

“அப்பறம்?”

“அப்பறந்தான் உள்ள போயிட்டா.”

“என்னங்ணா, அத்தனை சேறா?”

“சேறு எங்கீங்க வந்துது? வீட்டுக்குள்ள இருந்து வந்தவளுக்கு?” அவருக்கே எரிச்சலாக வந்தது. “அது போகாதுங்க தாயி. பட்டறை ஆரம்பிச்சப்ப மிசினு ஏதுங்க? தொட்டிக்குள்ள எறங்கி அவதான் துணிய மிதிப்பா. பதினோரு வருசம். சாயமும் உப்புத் தண்ணியும் சேந்து குதிகாலு பூராத்தையும் வெடிக்க வெச்சு, வெடிப்புக்குள்ள கறுப்பு எறங்கிப்போச்சு. எத்தனையோ டாக்டருகிட்டப் போயாச்சு. கால்மிதில தேச்சாப் போறதுங்களா அது? அதப் போயி...”

கையிலிருந்த பாதத்தைப் பார்த்தார்.

வேலாத்தா அவர் கையிலிருந்து தன் காலை மெல்ல எடுத்துக்கொண்டாள். திரும்பிப் போய், மண்வெட்டியை எடுத்து, அடுத்த வாய்க்காலைத் திறந்தாள்.

அவிநாசியப்பன் மண்டியிட்டபடியே இருந்தார். கார்க் கதவு திறந்தே கிடந்தது. வெகுநேரம் கழித்து, ஈரக் கையோடு போனை எடுத்து அடித்தார்.

ஐந்தாவது மணியில் எடுக்கப்பட்டது. பட்டறை மிசின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“பாவாயி” என்றார். “உன்ற காலு...”

திறந்த கதவுக்குள் வெள்ளைக் கார்ப்பெட் தெரிந்தது.

மிசின் ஓடிக்கொண்டே இருந்தது.

“சொல்லுங்க” என்றாள் பாவாயி. “என்ற காலுக்கு என்ன?”