குன்னூருக்குப் போன இஞ்சி பீர்

சுக்காங்குளத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. வயிற்றெரிச்சலில் சொல்கிறார்கள், விடுங்கள். ஒருவர் ஒரு யோசனை சொன்னால் அதை அட்சரம் பிசகாமல் செய்து முடிக்கிற ஆட்கள் இந்தக் காலத்தில் வேறெங்கே இருக்கிறார்கள்? செய்து முடித்த பிறகு என்ன ஆகிறது என்பது வேறு விஷயம். அதற்கு யோசனை சொன்னவர்தான் பொறுப்பு.

அந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் சொரிமுத்து. பஞ்சர் ஒட்டுவது பிழைப்பு, இஞ்சி பீர் காய்ச்சுவது ஆசை. பீர் என்றதும் யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இஞ்சியைத் தட்டிக் கொதிக்க வைத்து, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து, கொஞ்சம் ஈஸ்ட் போட்டுப் புளிக்க விட்டு, பாட்டிலில் அடைத்துவிடுவார். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று நுரை பொங்கும். குடித்தால் ஏப்பம் வரும், மற்றபடி ஒன்றும் வராது.

அவருக்கு ஒரே ஒரு குறை. நல்லாயிருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. கூட்டாளிகள் இரண்டு பேர் உண்டு. ரைஸ்மில் ஆவுடையப்பன் எதைக் கொடுத்தாலும் பிரமாதம் என்பார், கஷாயத்தையும் சேர்த்துத்தான். தையற்காரர் கோமதிநாயகம் எதைக் கொடுத்தாலும் மோர் மாதிரி இருக்கிறது என்பார். மனைவி பேச்சியம்மாளோ அந்தப் பக்கமே வர மாட்டாள். விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சொரிமுத்து, இது சரக்கு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்காக அவர் ஏங்கிப் போயிருந்தார்.

வீட்டில் இஞ்சி பீர் காய்ச்சுகிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. குன்னூர் எபினேசர் என்பவர் நடத்தி வந்தார். காசு பணம் பேச்சே கிடையாது. நீ உன் பாட்டிலைப் பார்சலில் அனுப்பு, நான் என் பாட்டிலைப் பார்சலில் அனுப்புகிறேன், இருவரும் குடித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான் ஏற்பாடு. எபினேசர் ருசி சொன்னால் குழுவில் மறுபேச்சு இல்லை.

அந்த வருஷம் பங்குனியில் சொரிமுத்து காய்ச்சியது எப்படியோ அபாரமாக அமைந்துவிட்டது. எதை எவ்வளவு போட்டோம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. இனி ஒரு தடவை இப்படி வருமா என்பதும் தெரியாது. இதைத்தான் எபினேசருக்கு அனுப்புவது என்று முடிவு பண்ணிவிட்டார்.

எப்படிக் கட்டி அனுப்புவது என்று போனில் கேட்டதற்கு, பாட்டிலும் பாட்டிலும் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் எபினேசர். மூன்று பேரும் ரைஸ்மில்லில் உட்கார்ந்து யோசித்தார்கள். இரண்டு பாட்டிலுக்கு நடுவே வைப்பதற்குக் கெட்டியான பொருள் வேண்டும், லேசில் நசுங்கக் கூடாது. கடைசியில் பேச்சியம்மாளின் அம்மிக்குழவியை நடுவில் வைத்துக் கட்டி அனுப்பினார்கள். குன்னூரில் பெட்டியைத் திறந்தபோது குழவிக்கு ஒரு சேதமும் இல்லை. பாட்டிலும் பாட்டிலும் கடைசி வரை முட்டிக்கொள்ளவே இல்லை என்பதை எபினேசரும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பேச்சியம்மாள் அன்றிலிருந்து அடுத்த வீட்டு அம்மியில் துவையல் அரைத்தாள், அரைக்கிற நேரம் முழுக்கத் திட்டினாள்.

அடுத்த தடவை எபினேசர் இன்னும் விளக்கமாகச் சொன்னார். வைக்கோலை நெருக்கி அடைக்க வேண்டும், பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தமே கேட்கக் கூடாது. இவர்களும் வைக்கோலை அடைத்துக் குலுக்கினார்கள். உள்ளேயிருந்து களக் களக் என்றது. மறுபடி அடைத்தார்கள், மறுபடி களக் என்றது. பாட்டிலுக்குள் பீர் ஆடுகிற சத்தம் அது என்று கண்டுபிடித்தவர் கோமதிநாயகம். பாட்டிலின் கழுத்தில் காலி இடம் இருப்பதால்தானே ஆடுகிறது? இன்னொரு பாட்டிலைத் திறந்து ஊற்றி எல்லாவற்றையும் மூடிவரை தளும்பத் தளும்ப நிரப்பி, இறுக்கி அடைத்தார்கள். இப்போது குலுக்கினால் மூச்சுப் பேச்சு இல்லை.

அந்தப் பெட்டி குன்னூர் போகவில்லை. பார்சல் ஆபீஸ் வாசலில் வெயிலில் இருந்தபோதே உள்ளே பொங்குவதற்கு இடமில்லாமல் ஒவ்வொன்றாக வெடித்தது. கிளார்க் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். கோமதிநாயகம் மட்டும், வெடிக்கும் வரைக்கும் சத்தமே இல்லை என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

மூன்றாம் தடவை போகும்போது கிளார்க் உஷாராகிவிட்டார். உள்ளே என்ன என்று கேட்டார். பீர் என்று சொன்னால் சாராயம் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது என்று சொல்லுங்கள், அதுவும் நிஜம்தானே என்று எபினேசர் சொல்லிக் கொடுத்திருந்தார். சொரிமுத்து அப்படியே சொன்னார். கோழிக்குஞ்சும் புறாவும் பதிவு போட்டுப் பழகிய கிளார்க், உயிருள்ளது என்றால் காற்றுப் போக ஓட்டை வேண்டும், வழிக்குத் தீனி வேண்டும் என்றார்.

மூவரும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். பெட்டியில் ஓட்டை போட்டால் பெட்டிக்குத்தான் காற்று வரும், ஈஸ்ட் இருப்பது பாட்டிலுக்குள் என்றார் ஆவுடையப்பன். நியாயம்தான். ஆணியை வைத்து ஒவ்வொரு மூடியிலும் ஓட்டை போட்டார்கள். ஈஸ்ட் சர்க்கரை தின்னும் என்று சொரிமுத்துவுக்குத் தெரியும், ஆகவே ஒரு பொட்டலம் சீனியைப் பிரித்துப் பெட்டிக்குள் வைத்தார். குன்னூரில் எபினேசர் பெட்டியைத் திறந்ததும் எறும்புதான் முதலில் இறங்கி வந்தது. பாட்டில் ஒன்றுகூட உடையவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் வழியிலேயே கசிந்து போயிருந்தது.

எபினேசர் நல்ல மனுஷன், கோபப்படவில்லை. சங்கடத்தோடு சொன்னார்: "சொரிமுத்துங்க, குழுவுல மத்தவங்க கேக்கறாங்க. எல்லார் சரக்கையும் எல்லாரும் குடிச்சாச்சு, உங்களோடதை மட்டும் யாரும் கண்ணால பாக்கலை. அடுத்ததும் இப்படியே ஆச்சுன்னா உங்க பேரை எடுக்க வேண்டியதாயிடும்ங்க."

சொரிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த அபாரமான காய்ச்சலில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பாட்டில். அதைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் ஈரச்சாக்கு சுற்றி வைத்திருந்தார். அது போனால் எல்லாம் போயிற்று. ரைஸ்மில்லில் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து கண்கலங்கினார்.

"அழாதியும் வே," என்றார் ஆவுடையப்பன். "முதல்ல யோசிப்போம். இதுவரைக்கும் உடைஞ்சதெல்லாம் எப்ப உடைஞ்சிச்சு?"

"போற வழியில."

"அப்ப நாம எங்க இருந்தோம்?"

"இங்கதான் இருந்தோம், அண்ணாச்சி."

"அதான் விஷயம். நம்ம கண்ணு முன்னால ஒரு பாட்டிலாவது உடைஞ்சிருக்கா?"

பார்சல் ஆபீஸ் வாசலில் வெடித்ததைக் கோமதிநாயகம் நினைவுபடுத்தினார். அப்போது மூவரும் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், பெட்டிக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார்கள் என்று ஆவுடையப்பன் விளக்கியதும் அவரும் ஒப்புக்கொண்டார். ஆக, கண்ணை எடுக்காமல் பாட்டிலோடு கூடவே போவது என்று முடிவாயிற்று.

பச்சைப் பிள்ளையைச் சுற்றுவது போலச் சுற்ற வேண்டும் என்று எபினேசர் எப்போதோ சொல்லியிருந்தார். கோமதிநாயகம் மெத்தென்ற துணியில் பாட்டிலைச் சுற்றி, அதே துணியில் ஒரு குல்லாயும் தைத்து, மூடிக்குப் போட்டுவிட்டார். திருஷ்டிப் பொட்டு ஆவுடையப்பன் வைத்தது. மதுரைக்குப் போகிற பஸ்ஸில் சொரிமுத்து அதை மடியில் வைத்து ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டு அம்மாள் ஆசையாகக் குனிந்து, ஆணா பெண்ணா என்று கேட்டாள். இஞ்சி என்றார் சொரிமுத்து. எத்தனை மாதம் என்று கேட்டாள். பங்குனியில் காய்ச்சியது என்றார். அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள்.

முறை போட்டுக்கொண்டு கண் விழித்தார்கள். மதுரையில் மாறி, கோவையில் மாறி, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினார்கள். வளைவுகளில் பஸ் சாய்ந்தபோதெல்லாம் பாட்டில் சாயாமலிருக்க மூன்று பேரும் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. மலைப் பாதையில் விதவிதமான ஆட்களைப் பார்த்தவர் அவர்.

எபினேசர் வீட்டில் பாட்டிலை மேசைமேல் வைத்துக் குல்லாயைக் கழற்றினார்கள். ஒரு கீறல் இல்லை. வெளிச்சத்தில் பொன்னிறமாக நின்றது. எபினேசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரைத் துடைத்து வைத்து, மூடி திறக்கிற சாவியைக் கையில் எடுத்தார். சொரிமுத்து டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். இத்தனை மாத ஏக்கம், இதோ இன்னும் ஒரு நொடியில்.

"பார்சல்ல வந்த மாதிரியே இல்லீங்களே, அவ்வளவு சுத்தமா இருக்கு," என்றார் எபினேசர்.

பார்சலில் வரவில்லை, கையிலேயே கொண்டு வந்தோம் என்று சொரிமுத்து பெருமையாகச் சொன்னார்.

எபினேசர் சாவியைக் கீழே வைத்துவிட்டார். குழுவின் ஏற்பாடு பார்சலில் அனுப்பிக்கொள்வதுதான். கையில் கொடுத்தால் அது விருந்தாளி பலகாரம் கொண்டு வந்த கணக்கு. அதைக் குடித்து நல்லாயிருக்கிறது என்று சொன்னால், வீடு தேடி வந்ததற்காகச் சொன்னேன் என்று பேசமாட்டார்களா?

"அவரு சொல்லுதது சரிதான்," என்றார் சொரிமுத்து. "எனக்கு முகத்துக்காகச் சொல்லுத வார்த்தை வேண்டாம். ஊருக்குப் போயி முறையா அனுப்பிருவோம்."

திரும்ப எல்லா பஸ்ஸும் மாறி, எல்லா வளைவிலும் சாய்ந்து, பாட்டில் பத்திரமாகச் சுக்காங்குளம் வந்து சேர்ந்தது. நேரே பார்சல் ஆபீசுக்குப் போய், லாரியில் பாட்டிலோடு தாங்களும் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அவர்களைப் பார்த்ததுமே ஓட்டம் எடுக்கத் தயாராக நின்ற கிளார்க், அனுப்புகிறவர் கூடப் போக முடியாது, அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார். வாங்குகிறவர் போகலாமா என்று கேட்டார் கோமதிநாயகம். கிளார்க் தலையைப் பிடித்துக்கொண்டார், கூடாது என்று சொல்லவில்லை.

உடனே சொரிமுத்து குன்னூருக்குப் போன் போட்டார். எபினேசர் இங்கே வந்து, லாரியில் பாட்டிலைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே போய், வீட்டில் இறங்கி வாங்கிக்கொள்ள வேண்டியது. எபினேசர் நல்ல யோசனை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கவலையோடு ஒரு சந்தேகம் கேட்டார்:

"நான் அங்க வந்துட்டா, இங்க வீட்டுல இருந்து பார்சலை வாங்கறது யாருங்க?"

இதை யாருமே யோசிக்கவில்லை. எபினேசர் குழுவை நடத்துகிறார் என்றால் சும்மாவா என்று ஆவுடையப்பன் வியந்து போனார். பிறகு அதற்கும் வழி கிடைத்தது. எபினேசர் சுக்காங்குளம் வருவார், இவர்கள் மூவரும் குன்னூர் போய் அவர் வீட்டில் இருந்து பார்சலை வாங்குவார்கள். எபினேசர் அன்றே கிளம்பினார். இவர்களும் கிளம்பினார்கள்.

புறப்படும்போது சொரிமுத்து பாட்டிலைப் பார்த்தார். எபினேசர் வந்து சேர்கிற வரை அது தனியாகக் கிடக்க வேண்டும். கண்ணை விட்டுப் போனால்தானே உடைகிறது? குல்லாயை மாட்டித் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பார்சல் ஆபீஸிலிருந்து எபினேசர் போன் பண்ணினார். லாரி கிளம்பப் போகிறது, கிளார்க் பெட்டி எங்கே என்று கேட்கிறார், பாட்டிலுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறினார்.

"ஒண்ணும் ஆவலைங்க," என்றார் சொரிமுத்து. "உங்க வீட்டு மேசை மேலதான் இருக்கு. மூணு பேரும் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு இருக்கோம். நீங்க அங்கேயிருந்து சீக்கிரம் அனுப்பி வையுங்க. பார்சல் வந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கி, திறந்துருவோம்."

எபினேசருக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. கிளார்க் பக்கம் திரும்பி, பாட்டில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி என்று சொல்லிவிட்டு, லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.