ஒரு ரீல் முன்னதாக

குயெனிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தபோது தோவானுக்கு அவரைவிட இருபது வயது அதிகம். தலை முழுக்க நரைத்த ஒருவர் உள்ளே வந்ததும், வீட்டுச் சொந்தக்காரர்தான் வந்துவிட்டார் என்று நினைத்து மற்ற மாணவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இது நடந்தது ஹுவேயில். வியட்நாமின் நடுப்பகுதியில் இருக்கும் பழைய ஊர். அங்கே ஓர் ஆறு உண்டு, வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு மழையும் உண்டு. குயென் ஒரு மாடிவீட்டில் இருந்துகொண்டு படம் எடுப்பவர், எடுக்கக் கற்றும் கொடுப்பவர். அவர் படங்களில் எல்லாமே நிதானமாகத்தான் நடக்கும். படத்தில் ஒருவன் சட்டையைக் கொடியில் காயப்போடும்போது நாம் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாலும், அந்தச் சட்டையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். குயெனும் சேர்ந்து சிரிப்பார். அவசரத்தில் இருப்பவர்களுக்கு வேறு எத்தனையோ படங்கள் இருக்கின்றனவே என்பார்.

தனக்கு ஒரே ஒரு படம்தான் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒன்றும் வேண்டாம் என்று தோவான் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அன்றே இருவருக்கும் ஒரு சிக்கல் வந்தது. அந்த மொழியில் பொதுவான ஒரு 'நான்' இருக்கிறது. அது அந்நியர்களுக்கும் அலுவலகங்களுக்கும்தான். மற்ற இடங்களில், எதிரில் இருப்பவருக்கு நாம் என்ன உறவோ அதுவே நமக்கு 'நான்'. நம் வீடுகளில் பிள்ளையிடம் "அப்பா கடைக்குப் போயிட்டு வரேன்" என்று அப்பாவே சொல்லிக்கொள்கிறாரே, அந்த மாதிரி. வயதைப் பார்த்தால் குயென் மகள் முறை. பாடத்தைப் பார்த்தால் தோவான் மாணவர். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று இருவரும் சற்று நேரம் விழித்தார்கள். கடைசியில் அவர் 'டீச்சர்' என்பது, குயென் 'பெரியப்பா' என்பது என்று முடிவாயிற்று.

தோவான் அந்தக் காலத்துப் பட வாசிப்பாளர். திரைத்துணி, ப்ரொஜெக்டர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் படகில் ஏற்றிக்கொண்டு ஒரு குழு ஊர் ஊராகப் போகும். வெளிநாட்டுப் படங்கள் ஓடும். திரையில் ஆண் பேசினாலும் பெண் பேசினாலும், குழந்தை அழுதால்கூட, மைக்கின் முன்னால் உட்கார்ந்து ஒரே ஆள் எல்லோருக்கும் குரல் கொடுப்பார். அந்த ஒரே ஆள் தோவான். தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால் தன் குரல் ஆற்றைத் தாண்டி அக்கரை வரைக்கும் கேட்கும் என்று இப்போதும் பெருமையடித்துக்கொள்வார். படத்தைக் கண்ணால் பார்க்காமலே அக்கரையில் அழுதவர்கள் உண்டாம்.

வெளிநாட்டுக் காதலர்களுக்கு ஒரு சௌகரியம். முதல் சந்திப்பிலும் 'நான், நீ' தான், சாகும்போதும் 'நான், நீ' தான். அதை அப்படியே வாசித்தால் தோவானின் ஊர்க்காரர்களுக்கு உறைக்காது. அவர்கள் மொழியில், காதல் வந்துவிட்டால் பொது 'நான்' போய்விட வேண்டும். ஒருவர் 'ஆன்' ஆவார், மற்றவர் 'எம்' ஆவார். ஆன் என்றால் அண்ணன். எம் என்றால் தம்பி அல்லது தங்கை. காதலர்களுக்கும் அதே சொற்கள்தான். நம் பெண்கள் 'மாமா' என்று கூப்பிடும்போது உறவைச் சொல்கிறார்களா, வேறு எதையாவது சொல்கிறார்களா என்று நாம் கண்டுபிடித்துக்கொள்வதில்லையா?

எந்தக் காட்சியில் அந்தச் சொல் மாற வேண்டும் என்பதை முன்பே யோசித்து வசனத்தில் எழுதிவைத்திருப்பார்கள். அந்த இடம் வந்ததும் மைதானத்தில் இருக்கும் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். திரையில் முத்தம்கூட வேண்டியதில்லை.

டீ நேரத்தில் தோவான் இதையெல்லாம் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைப்பார். அவர் வேலையில் திட்டு வாங்கியது ஒரே ஒரு முறை. கலங்கரை விளக்கத்தில் காவல் இருப்பவனுக்கும் தபால் கொண்டுவரும் பெண்ணுக்கும் காதல் வருகிற படம். அந்தக் காதல் வருவது அடுத்த ரீலில். அதுவரை இருவரும் பொது 'நான்' போட்டு மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். இவர் வாய் தவறி, முந்தின ரீலிலேயே காவலனை 'ஆன்' ஆக்கிவிட்டார். மைதானம் கொல்லென்று சிரித்தது. மறுநாள் காலையில் குழுத் தலைவர், ஒரு ரீல் முன்னாலேயே அவர்களைக் காதலிக்க வைக்க உனக்கு யாரடா உரிமை கொடுத்தது என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இதைச் சொல்லும்போது தோவான்தான் முதலில் சிரிப்பார். குயென் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

தோவான் எடுத்த படம் லாமைப் பற்றியது.

லாம் அந்தக் குழுவில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டவன். ரீல் மாற்றும் இடைவெளியில் வந்து, தோவானின் உள்ளங்கையில் ஒரு துண்டு இஞ்சியை வைத்து விரல்களை மூடிவிட்டுப் போவான், தொண்டைக்கு நல்லது என்று. அடுத்த ஊருக்குப் படகில் போகும்போது திரைத்துணியை விரித்து அதன்மேல் இருவரும் படுத்துக்கொள்வார்கள். துணியில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசனை. இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் வாசனை வந்தால் தோவான் அங்கேயே நின்றுவிடுவார். லாமின்மேல் அவருக்கு இருந்தது காதல். அதைத் தன்னிடமே ஒப்புக்கொள்ள அவருக்கு வெகுநாள் ஆயிற்று. லாமிடம் சொல்லவே இல்லை.

இருவருக்கும் ஒரே வயது. 'தாவ்' என்று சொல்லிக்கொள்வார்கள். அது கூட்டாளிகளுக்குள் புழங்கும் 'நான்', நம் வாடா போடா மாதிரி.

லாமுக்கு வீட்டில் பெண் பார்த்துவிட்டார்கள். ஓர் ஊரில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவனை அழைத்துப்போகப் படகு வந்துவிட்டது. ஜெனரேட்டரை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு அவன் விடைபெற வந்தான். தோவான் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். திரும்ப முடியாது. லாம் பின்னாலிருந்து குனிந்து, அவர் கையில் இஞ்சியை வைத்து மூடி, காதருகே ஏதோ சொன்னான். ஜெனரேட்டர் இரைச்சலில் '...போறேன்' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அதற்கு முன்னால் இருந்த ஒற்றைச் சொல் விழவில்லை. ரீல் முடிந்து திரும்பிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.

'தாவ் போறேன்' என்று சொல்லியிருந்தால், கூட்டாளி ஊருக்குப் போகிறான், அவ்வளவுதான். 'எம் போறேன்' என்று சொல்லியிருந்தால்? ஒரே வயதுக்காரன் எப்படித் தம்பி ஆவான்? அந்தச் சொல்லுக்கு அப்போது ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும்.

லாம் தெற்கே போய்க் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகளைப் பெற்று, சில வருடங்களுக்கு முன்னால் இறந்தும் போய்விட்டான். இனிக் கேட்பதற்கு யாரும் இல்லை.

படம் முடிந்துவிட்டது. கடைசிக் காட்சியில் தென்னை மரமும் அதில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும் மட்டும் வெகுநேரம் தெரிந்துகொண்டிருக்கும். இதைக் குறைக்கலாமா என்று தோவான் முன்பே கேட்டிருந்தார். இருக்கட்டும் என்று சொன்ன குயென் காரணம் எதுவும் சொல்லவில்லை. இப்போது பாக்கி இருந்தது ஒலி சேர்ப்பு மட்டும். மறுநாள் படத்தை ஒரு விழாவுக்கு அனுப்பியாக வேண்டும். லாமாக நடித்தவனை இரண்டு விதமாகவும் பேசச் சொல்லிப் பதிவு செய்துவைத்திருந்தார் தோவான். எதை வைப்பது என்று தெரியாமல் இரண்டு வேளையாகச் சாப்பாடு இறங்கவில்லை. மழை பெய்த அந்த மதியம், குயெனின் அறைக்குப் போய் நின்றார்.

"டீச்சர், எந்தச் சொல்லை வைக்கறது?"

"நீங்க எதைக் கேட்டீங்க?"

"கேட்கலையே. அதானே பிரச்சினை."

"அப்போ ஜெனரேட்டர் சத்தத்தை மட்டும் வைங்க. பார்க்கறவங்களுக்கும் கேட்க வேண்டாம்."

"படத்துக்கு அது சரி. எனக்கு?"

குயென் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"'தாவ்'னா, இத்தனை வருஷமா நானே எதையோ கற்பனை பண்ணிட்டிருந்த பைத்தியக்காரன். 'எம்'னா, அவன் சொல்லியும் பதில் சொல்லாம உட்கார்ந்திருந்த பாவி. ரெண்டுல நான் யாருன்னு தெரியாமலே போயிடுவேன்போல இருக்கு, டீச்சர்."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வயதில் அப்படி அழுவது அவருக்கே வெட்கமாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை குயென் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். மூலையில் இருந்த மைக்கை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"அன்னிக்கு ஓடினது என்ன படம்?"

"கலங்கரை விளக்கம்தான். அந்த வருஷம் எல்லா ஊர்லயும் அதைத்தானே ஓட்டினோம்."

"லாம் விடைபெற வந்தபோது நீங்க வாசிச்சிட்டிருந்த ரீலை இப்போ வாசிங்க. லாமை விட்டுடுங்க. ரீல் மட்டும் போதும்."

படத்துக்காகப் பதிவு செய்த ஜெனரேட்டர் சத்தத்தைக் குயென் அறை அதிர ஓடவிட்டார். வசனம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. மேசையில் எந்தத் தாளும் இல்லை. தோவான் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். கண்களை மூடினார். தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்கியதும் குரல் பழைய குரலாகிவிட்டது.

"மழை வரும்போல இருக்கு. நான் கிளம்பறேன்," என்றாள் தபால்காரப் பெண்.

"படகு இன்னும் வரலையே," என்றான் காவலன்.

"வந்துட்டா போயிடுவேன். இனிமே எப்போ இந்தப் பக்கம் வருவேனோ, எனக்கே தெரியாது."

தோவானின் வலது கை, மேசைமேல் தானாக மூடிக்கொண்டது.

"போய்ட்டு வாங்க. ஆன் காத்திருப்பேன்."

சட்டென்று நிறுத்தினார். கண்களைத் திறந்தார்.

"தப்பு டீச்சர். 'நான் காத்திருப்பேன்'னு வரணும். இந்த இடத்துலதான் அன்னிக்கும் தவறினேன்."

"என்னிக்கு?"

"அதான், திட்டு வாங்கினேன்னு சொல்வேனே, அன்னிக்கு."

"அது எந்த ஊர்ல?"

தோவான் யோசித்தார். திட்டு விழுந்தது காலையில். படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஜெனரேட்டரைப் படகில் ஏற்றக் கை போதவில்லை. தலைவருக்கு அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. கை ஏன் போதவில்லை? எப்போதும் ஒரு பக்கத்தைத் தூக்குகிறவன் அன்றைக்கு இல்லை.

இத்தனை வருடமாக அந்தத் திட்டைச் சிரிக்கிற கதையாகவும் லாமை அழுகிற கதையாகவும் தனித்தனியே வைத்திருந்தார். இரண்டும் ஒரே மைதானத்தில், ஒரே மூச்சில் நடந்தவை என்று அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

"அதே ஊர்தான்," என்றார் தோவான்.

குயென் ஜெனரேட்டர் சத்தத்தை நிறுத்தினார். வெளியே மழை பெய்துகொண்டிருப்பது கேட்டது.

"வசனத்துல 'நான்'னுதானே எழுதியிருந்தது?"

"ஆமா."

"யாராவது 'எம்'னு சொல்லாம, வாய்க்கு 'ஆன்' எங்கேயிருந்து வரும்?"

தோவான் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் மூடியபடியே இருந்தது. பிறகு மெதுவாகப் பேசினார்.

"அப்போ சொல்லியிருக்கான்."

"ம்."

"நானும் சொல்லியிருக்கேன்."

"ம்."

"ஆனா டீச்சர், நான் திரையைப் பார்த்துல்ல சொன்னேன். அதுக்குள்ள அவன் மைதானத்தைத் தாண்டிப் போயிருப்பான். படகுலகூட ஏறியிருப்பான். அது அவனுக்கு எங்கே கேட்டிருக்கப் போகுது?"

குயென் படத்தின் கடைசிக் காட்சியைத் திரையில் ஓடவிட்டார். தென்னை மரமும் அதில் கட்டிய குழாயும் தெரிந்தன. குழாயின் வாய் ஆற்றைப் பார்த்தபடி இருந்தது.

"அக்கரை வரைக்கும் கேட்கும்னு நீங்கதானே சொன்னீங்க, பெரியப்பா."