மலையை இறக்கிய ஜீப்பு

மூங்கிலணைப்பட்டியில் உண்மை பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. என்ன, அவர்கள் பேச ஆரம்பித்தால் நாலு பேர் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மொக்கராசு வாயைத் திறந்தால் மட்டும் வேலைக்குக் கிளம்பினவன்கூட மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். அதனால் ஊரில் அவனைத் திட்டாத ஆள் இல்லை, போடா என்று சொன்ன ஆளும் இல்லை.

அன்றைக்குக் காலையில் கோயில் தகரக் கொட்டகைக்குள் ஊர்க் கூட்டம். போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் இது. வருஷா வருஷம் சித்திரையில் ஊத்துக்காட்டம்மனை ஜீப்பில் ஏற்றி, மலை உச்சி ஊற்றுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டிக் கூட்டி வருவார்கள். பாதையா அது? பாதி பாறை, பாதி சேறு, மீதி வளைவு. ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிறவனுக்கு ஊற்றுக்கரையில் வைத்துப் பூசாரி பரிவட்டம் கட்டுவார். அந்தப் பட்டுத்துணி தலையில் ஏறிவிட்டால் அடுத்த திருவிழா வரைக்கும் கல்யாண வீடோ காதுகுத்தோ, முதல் பந்தியில் முதல் இலை அவனுக்குத்தான். இத்தனை வருஷமாக ஓட்டியவர் ஜீப்பை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். இந்த வருஷம் யார் ஜீப்பு என்பதுதான் பேச்சு.

மொக்கராசுக்கு அந்தப் பரிவட்டத்தின் மேல் அப்படி ஓர் ஆசை. காரணம் இருந்தது. ஏலக்காய் எஸ்டேட்டில் கழித்துப் போட்ட பழைய ஜீப்பு ஒன்றை அவன் வாங்கிவந்து கொல்லையில் நிறுத்தியபோது ஊரே சிரித்தது. அதன் மேல் பூசணிக்கொடி படர்ந்து, டிரைவர் சீட்டில் காயும் காய்த்தது. இரும்புக் கிறுக்கன் என்று பெயர் வந்தது. மச்சினன் கல்யாணத்தில் அவனுக்குக் கடைசிப் பந்தியில், ரசம் தீர்ந்த பிறகுதான் இலை போட்டார்கள். அது அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒரே ஒரு தடவை, தலையில் பட்டுத்துணியோடு அத்தனை பேர் முன்னாலும் நடந்துவிட வேண்டும்.

ஜீப்பும் லேசுப்பட்டதில்லை. துருப்பிடித்த அடிச்சட்டத்தைச் சுரண்டித் துண்டு வைத்துப் பற்றவைத்தான். பழைய பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் மாட்டினான். பிரேக், குலுக்கலைத் தாங்குகிற வில் பட்டை, ஸ்டீரிங் எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற மாதிரி செய்தான். மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, கொல்லையில் மல்லாந்து கிடந்து செய்த வேலை. இதை அப்படியே சொல்லியிருந்தாலே போதும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வது மொக்கராசுக்கு உப்பில்லாத கூழ் குடிக்கிற மாதிரி.

தவசிதான் ஆரம்பித்துவைத்தான். தவசி அவனுக்கு மச்சான் முறை. புது ஜீப்பு வைத்திருப்பவன், பரிவட்டம் தனக்குத்தான், பட்டில் கறை படக்கூடாது என்று தலைக்கு எண்ணெய்கூட வைக்காமல் வந்திருந்தான்.

"ஏன் மாப்ள, உன் ஜீப்பு மலையேறுமா? இல்ல, பூசணிக்கொடி மட்டுந்தான் ஏறுமா?"

கொட்டகை சிரித்தது. பூசாரி சடையாண்டி மட்டும் சிரிக்கவில்லை. வாய் நிறைய வெற்றிலை. அவர் துப்பினால்தான் பேசுவார், பேசினால் அதுதான் முடிவு. எல்லோருடைய கண்ணும் அவர் கன்னத்தின் மேலேயே இருந்தது. மொக்கராசு துண்டை உதறித் தோளில் போட்டான்.

"மச்சான், அந்த இஞ்சினு என்ன இழுவை இழுக்கும்னு உனக்குத் தெரியாது. வால்வை அரைக்க லேத்துக்குக் கொண்டா கொண்டான்னு போடியில ஆளாளுக்குக் கூப்பிட்டான். போகலையே! எங்க வீட்டு ஆட்டுக்கல்லுலயே போட்டு அரைச்சேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து அவன் பெண்டாட்டி செல்லக்கிளி எழுந்துவிட்டாள். "அதான் அன்னைக்கு இட்லி கருப்பா வந்துச்சா? ராகி இட்லின்னுல்ல சொல்லித் திங்க வச்ச!"

"இட்லிய விடு. அரைச்சு மாட்டி, காத்து இழுக்குற வாய்க்கு மூடி போடாம, சும்மா ஒரு தடவ சாவியத் திருப்புனேன். இழுத்துச்சு பாருங்க! முதல்ல கொடியில காஞ்ச என் வேட்டி போச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுச் சேலை. நான் கறிவேப்பிலை மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். மதிலு மேல நின்னு கூவிக்கிட்டிருந்த சேவலு 'கொக்கரக்'னு ஆரம்பிச்சுச்சு. மிச்ச 'கோ' சைலன்சர் வழியாத்தான் வந்துச்சு."

"கோ மட்டும் வந்துச்சா, சேவலும் வந்துச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வராம? பதமா வறுபட்டு வந்துச்சு. வேலியில மிளகுக்கொடி கிடக்குல்ல, அதையும் இழுத்திருக்கு. மிளகு கொஞ்சூண்டு தூக்கல், மத்தபடி குத்தம் சொல்ல முடியாது."

தவசியின் முகம் மாறியது. "எந்த மதிலு? எங்க வீட்டு மதிலா? என் சேவல நரி தூக்கிட்டுப் போறதக் கண்ணால பார்த்தேன்னு நீதான வந்து சொன்ன?"

"ஒரு எலும்பக்கூட எனக்குக் காட்டலையே இந்த மனுசன்," என்றாள் செல்லக்கிளி.

கொட்டகை அதிர்ந்தது. மொக்கராசு ஓரக்கண்ணால் பூசாரியைப் பார்த்தான். கன்னம் அசைபோட்டுக்கொண்டே இருந்தது, துப்புகிற வழியாகக் காணோம். இது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"இழுவை கிடக்கட்டும், நிக்குமான்னு கேளுங்க. ஒரு நா சாயங்காலம் மலையவிட்டு இறங்குறேன். பொழுது எனக்கு முதுகுக்குப் பின்னால. நிழலு முன்னால ஓடுது. குறுக்க ஒரு மிளா மானு வந்துருச்சு. அடிச்சேன் பிரேக்கு! ஜீப்பு ஆணி அடிச்சாப்புல நின்னுருச்சு. நிழலு என்ன பண்ணும் பாவம்? அதுக்கு நான் பிரேக்கு வைக்கலையே. அது பாட்டுக்கு அடுத்த வளைவு வரைக்கும் போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒரு பீடியப் பத்தவச்சுக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னேன். நிழலு பைய ரிவர்ஸ் எடுத்து வந்து சக்கரத்துக்குக் கீழ ஒட்டிக்கிருச்சு. நிழலா இருந்தாலும் என் ஜீப்பு நிழலுல்ல, பழக்கம் அப்படி."

"நிழலுக்கு ஹாரன் இருந்துச்சா மாப்ள?" என்றான் தவசி.

"ராத்திரியில மட்டும் அடிக்கும்," என்றான் மொக்கராசு கொஞ்சமும் யோசிக்காமல்.

பூசாரி இன்னொரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். போன வருஷம் பாறையில் ஏறிய குலுக்கலில் அம்மனின் கிரீடம் சாய்ந்துவிட்டது என்று பூசாரி மாதக்கணக்கில் புலம்பியது மொக்கராசுக்கு நினைவு வந்தது.

"குலுங்குமேன்னு ஆருக்கும் கவல வேணாம். பட்டை அம்புட்டும் மாத்தியாச்சு. பாலக் காய்ச்சி, சட்டியில ஊத்தி, ஒரு சொட்டு மோரு விட்டு, மூடாம முன் சீட்டுல வச்சுக்கிட்டு மேல போனேன். அத்தன பாறையும் ஏறி இறங்கி ஊத்துக்கரைக்குப் போயிப் பார்த்தா, கட்டித் தயிரு! ஆடையில ஒரு கீறல் கிடையாது."

"மேல போக ஒரு மணி நேரம். அதுக்குள்ள தயிரு உறையுமா?" தவசி விடவில்லை.

"மெதுவாப் போனேன்."

"புலி மாதிரிப் பாயும்னு நேத்து டீக்கடையில சொன்ன?"

"போறப்ப மெதுவாப் போனேன். வாறப்ப பாய்ஞ்சேன். அந்தப் பாய்ச்சல்ல தயிரு கடைஞ்சு வெண்ணெய் ஆயிருச்சு. அதத்தான் மச்சான் உன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்."

"அது கடை வெண்ணெய். காகிதம் ஒட்டியிருந்துச்சு."

"ஜீப்புல எல்லா வசதியும் இருக்கு," என்று சொல்லிவிட்டு மொக்கராசு பேச்சை மாற்றினான்.

இப்போது கூட்டம் மொத்தமும் அவன் கையில். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சிரிக்கிற கூட்டமா பரிவட்டம் கட்டப்போகிறது? கட்டவேண்டியவர் அசையாமல் மென்றுகொண்டிருந்தார். மொக்கராசுக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் சில பேருக்கு வாய் அடைக்கும். அவனுக்கு மடை திறந்துகொள்ளும்.

"முன்னால கம்பி வடம் சுத்துற உருளை ஒண்ணு மாட்டியிருக்கேன், பார்த்திருப்பீங்க. வடத்த எங்கயாவது கட்டிட்டு உருளையச் சுத்தவிட்டா, சேத்துல மாட்டுன வண்டி தானா மேல ஏறிரும். சரி, சோதிச்சுப் பார்ப்போம்னு வடத்தக் கொண்டுபோயி உச்சிப் பாறையில கட்டிட்டு வந்தேன். கீழ நின்னு சுத்தவிட்டேன். வடம் இறுகுது, முறுகுது, ஜீப்பு ஒரு அடி நகரல. என்னடான்னு நிமிந்து பார்க்குறேன், மலை இறங்கி வந்துக்கிட்டிருக்கு!"

கொட்டகைத் தகரம் பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"சிரிக்காதீக. பதறிப்போயி ஆஃப் பண்ணிட்டேன். அதுக்குள்ள ஒரு பனை உசரம் இறங்கிருச்சு. நம்பலைன்னா மேக்கப் பாருங்க. முன்னவிட இப்பப் பொழுது சாயத் தாமதமாகுதா இல்லையா?"

நாலைந்து தலைகள் நிஜமாகவே மேற்கே திரும்பிப் பார்த்தன. செல்லக்கிளி எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "அடப் பாவி! அதான் எங்க மேஸ்திரி, வெளிச்சம் இருக்கு வெளிச்சம் இருக்குன்னு இருட்டுற வரைக்கும் களையெடுக்க விடுறானா? உன்னால எம்புட்டுப் பொம்பளைகளுக்கு முதுகு ஒடியுது தெரியுமா? இன்னைக்கே போயி மலையப் பழைய இடத்துல வச்சுட்டு வா."

"திருவிழா முடியட்டும்டி, வச்சிருவோம்," என்றான் மொக்கராசு.

பூசாரியின் கன்னம் நின்றது. துப்பப்போகிறார் என்று கூட்டம் அடங்கியது. அவரோ இடப்பக்க வெற்றிலையை வலப்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி மெல்ல ஆரம்பித்தார். மொக்கராசுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. மலையை இறக்கியும் இந்த மனுஷனை இறக்க முடியவில்லையே! இனி என்னத்தைச் சொல்வது என்று மனசு யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இன்னும் ஒண்ணு. இத நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல. என் ஜீப்புக்கு டிரைவரே தேவையில்ல."

"என்னது?" என்றான் தவசி.

"பாதையப் பழக்கிவிட்டுட்டேன் மச்சான், மாட்டப் பழக்குறாப்புல. போன மாசம் மேல போறப்ப பனி மூடிருச்சு, நானும் அசந்து தூங்கிட்டேன். அதுவா கியரு மாத்துது, அதுவா வளைவுல ஹாரன் அடிக்குது. எதிர்ல வந்த லோடு ஜீப்புக்கு ஒதுங்கி வழி விட்டிருக்கு. டீக்கடைக்கிட்ட நின்னு, எனக்கு வேணுமான்னு ஒரு உறுமு உறுமி, நான் எந்திரிக்கலைன்னதும் கிளம்பிருச்சு. ஊத்துக்கரையில போயி நின்னு, ஸ்டீரிங்கால நெஞ்சுல தட்டி எழுப்பிவிட்டுச்சு. இப்பல்லாம் நான் ஓட்டுறதே கிடையாது. சும்மா துணைக்கு உட்கார்ந்து போறதோட சரி."

பூசாரி எழுந்தார். கொட்டகைக்கு வெளியே போனார். துப்பினார். செம்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஆத்தா இந்த வருசம் மொக்கராசு ஜீப்புலதான் போறா," என்றார்.

மொக்கராசுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. செல்லக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. தவசி தூணோடு சாய்ந்துவிட்டான்.

"சாமி, அந்த மலைய இறக்குனத நெசமுன்னு..." என்று தவசி இழுத்தான்.

"மலையாவது மண்ணாங்கட்டியாவது. ஆத்தாவுக்கு மேல குடை பிடிச்சுக்கிட்டே போகணும். உன் ஜீப்புக்குத் தகரக் கூரை, குடை இடிக்கும். ஊருக்குள்ள கூரையில்லாத ஜீப்பு இவனுது ஒண்ணுதான். முந்தாநாளே அவன் இல்லாதப்பக் கொல்லைக்குப் போயிப் பார்த்தேன். வேலையும் சுத்தமாப் பண்ணியிருக்கான். அப்பவே முடிவு பண்ணியாச்சு. இன்னைக்கு இவன் ஒரு வார்த்த பேசாம உட்கார்ந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

மொக்கராசு கைகூப்பினான். வேலை சுத்தம் என்று அவனிடம் இதுவரை ஒரு மனுஷன் சொன்னதில்லை. பரிவட்டம் கட்டத் தோதாக இருக்கட்டும் என்று தலைமுடியைக்கூடக் கையால் படிய வைத்துக்கொண்டான்.

"ஆனா ஒண்ணு," என்றார் பூசாரி. "கொண்டுபோயிச் சேர்க்குறவுகளுக்குத்தான் பரிவட்டம். நீயே வாயால சொல்லிட்ட, ஓட்டுறது நீயில்ல, ஜீப்புதான்னு. ஆத்தா விசயத்துல பொய்க்கணக்கு ஆகாது. அதனால பரிவட்டத்த ஜீப்பு ஸ்டீரிங்குக்குக் கட்டிருவோம். துணைக்கு ஒரு ஆளுதான வேணும்? தவசி உட்கார்ந்துக்கிருவான். நீ கீழ இருந்து அன்னதானத்துக்கு வெங்காயம் உரி."

கூட்டம் மொக்கராசின் வாயைப் பார்த்தது. 'ஓட்டுவது நான்தான், தூங்கினதெல்லாம் புளுகு' என்று ஒரே ஒரு வரி சொன்னால் பரிவட்டம் தலைக்கு வந்துவிடும். அவனுக்கும் அது தெரிந்தது. வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். செல்லக்கிளி தூரத்திலிருந்து 'சொல்லித் தொலையேன்' என்று கையைக் காலை ஆட்டினாள். அவனும் முக்கி முனகிப் பார்த்தான். அந்த ஒரு வரி மட்டும் வரவே இல்லை.

"சாமி," என்றான் கடைசியில், "ஜீப்பு தானாப் போகும், அதுல மாத்தமில்ல. ஆனா நான் பக்கத்துல இல்லைன்னா அது ஏங்கிப்போயிரும். வழி நெடுகக் கண்ணீரு விட்டு அழுகும்."

"அழுகட்டும்," என்றார் பூசாரி, அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. "பரிவட்டம் கட்டித்தான இருக்கு, அதுலயே துடைச்சுக்கிரும்."