அடிபட்ட சிவப்புப் பெட்டி

இந்தக் கதையில் இரண்டு பாட்டுப் பெட்டிகள், ஒரு காவடி, மூன்று பேர். என்னையும் சேர்த்தால் நான்கு. விடையை முதலில் எட்டிப் பார்க்கிறவர்களுக்குப் பஞ்சாமிர்தம் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். சேவுகன் சித்தப்பா தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பவர். சமீபமாக அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. சாலையும் அதன் வெள்ளைக் கோடும் தெரியும். முன்னால் போவது மாமனா மச்சானா என்று தெரியாது. காவடி தோளில் ஏறி ஆடத் தொடங்கிவிட்டால் யாரும் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. அதனால் குழுவின் தள்ளுவண்டியில் பாடும் பெட்டியின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடப்பார்.

போன வருஷம் அப்படித்தான் நடந்தார், வேறொரு ஊர்க்காரர்களின் பெட்டிக்குப் பின்னால். நாங்கள் சாலையெல்லாம் தேடி அலைய, அவர் நத்தத்தில் அவர்களுடைய பந்தியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நம்ம சமையல் இவ்வளவு நல்லா இருக்காதேன்னு அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார்.

முத்திருளாயி சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த வருசம் காவடி பரண்லயே இருக்கட்டும்" என்றுவிட்டார். சித்தப்பா எதிர்த்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லாத அன்றுகூட வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார். அதுதான் சித்தியை அசைத்தது.

"சரி. சந்தைத் திடல்ல உங்கள நிறுத்துவேன். நாலு பக்கமும் பெட்டி பாடும். நம்ம பெட்டி எங்கன்னு ஒரே தடவ கைய நீட்டிக் காட்டணும். தப்புனா காவடி பரணுக்கு, நீங்க வீட்டுக்கு."

எந்தப் பெட்டியை எடுத்துப் போவது என்று சித்தப்பா முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

சித்தியின் அண்ணன் மாயழகு மாமா கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் போடுபவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே மைக்கைத் தட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். "மச்சான்... ஆ... கேக்குதா மச்சான்... இதப் பாருங்க" என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். பாட வைத்ததும் மேசைமேல் இருந்த சொம்புத் தண்ணீர் நடுங்கியது. மத்தளம் நெஞ்சுக்குள் விழுந்தது. சித்தப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "அடேயப்பா, வீடே பாடுதே மாப்ள" என்றார். "இந்த வருசம் ரோட்ல எல்லாக் குழுவும் இதான் வச்சிருக்கான்" என்றார் மாமா பெருமையாக.

இன்னொன்று சித்தப்பாவின் சொந்தப் பெட்டி. சிவப்பு நிறம், சாப்பாட்டு டப்பா அளவு, ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பாடுவதுபோல் கீச்சுக்குரல். அந்தக் குரலை நான் அப்படியே எடுப்பேன். ஒருநாள் சித்தி அடுப்படியிலிருந்து, "அந்தப் பெட்டிய அமத்துங்கடா" என்று கத்தியபோது பெட்டி அணைந்துதான் இருந்தது.

ஆயுசைப் பார்க்காமல் குரலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்றார் மாமா. வண்டி குலுங்கி விழுந்தாலும் பாட வேண்டும் அல்லவா. இரண்டையும் பாடவிட்டுத் தள்ளுவண்டியிலிருந்து தார்ச்சாலையில் தள்ளினோம். சொம்புத் தண்ணீரையும் ஊற்றினோம். கறுப்புக்கு ஒரு கீறல் இல்லை, குரலிலும் மாற்றமில்லை. சிவப்பும் நிற்காமல் பாடியது. ஆனால் முன்பக்கத்து வலைத்தகடு நசுங்கி, மத்தளம் விழும் இடமெல்லாம் தகரத்துக்குள் புளியங்கொட்டை உருண்டதுபோல் ஒரு 'ட்ர்ர்' சேர்ந்துகொண்டது. அதையும் என் குரலில் எடுத்துப் பார்த்தேன். நாக்கை எப்படி மடித்தாலும் வரவில்லை.

இப்போது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"சத்தமும் இதுல, ஒடம்பும் இதுல. கறுப்பத் தூக்குங்க மச்சான்" என்றார் மாமா.

"ரெண்டும் வேணாம். பெட்டிய நம்பி ஆள ரோட்ல விட முடியாது" என்றார் சித்தி.

"சிவப்புதான் சித்தப்பாவுக்குப் பழகுன குரல். தகட்ட நிமித்திட்டு எடுத்துட்டுப் போவோம்" என்றேன் நான்.

சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து மூவர் பேச்சையும் கேட்டார். பிறகு கையை நீட்டி ஒரு பெட்டியைத் தொட்டார்.

கேட்டவர்களே, சொல்லுங்கள்: எங்கள் மூவரில் யார் சொன்னது சரி? சித்தப்பா தொட்டது எந்தப் பெட்டி, எதனால்?

*

விடை: மூவருமே தப்பு. அவர் தொட்டது சிவப்பு. அதுவும் தகட்டை நிமிர்த்தாமல். கறுப்பு, வீடெங்கும் நிறைந்து பாடியதே தவிர எங்கிருந்து பாடுகிறது என்று சொல்லவில்லை. அலமாரியில் இருந்த பெட்டியை அவர் ஜன்னலில் தேடினார். போதாததற்கு, சாலை முழுக்க அதே பெட்டிகள். கீச்சுக்குரலோ தான் இருக்கும் திசையைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த 'ட்ர்ர்' வேறு எந்தக் குழுவிடமும் இருக்காது.

திடலில் மூன்று மூலையில் கறுப்புப் பெட்டிகள் பாடின, நான்காவதில் சிவப்பு. சித்தி என் காதில் ஓதி அனுப்பியபடி நான் தேர்க்கொட்டகைக்குப் பின்னால் நின்று சிவப்பின் குரலில் மூக்கால் பாடினேன். சித்தப்பா ஒவ்வொரு மூலைக்கும் காதைத் திருப்பினார். பிறகு கை நேராகச் சிவப்புப் பெட்டிக்குப் போனது. "தேர்ப்பக்கம் ஒருத்தன் தொண்டை கட்டிப்போய்ப் பாடுறான். அவனுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் குடு" என்றார்.

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பரணில் ஏற்றிக் காவடியை இறக்கினார். மாமா மட்டும் மனம் கேட்காமல், "அந்தத் தகட்ட லேசா நிமித்தித் தரட்டுமா ஆயி?" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்ணே" என்றார் சித்தி.